பத்தாவது முடித்த பிள்ளைக்குப் பாதை எது?
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயக் குடும்பங்களுக்குத் தொழிற்கல்வி வழிகாட்டி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் விவசாயி வீட்டில் எழும் முதல் கேள்வி, "பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது?" என்பதுதான். நல்ல மதிப்பெண் என்றால் பெரும்பாலும் யோசனை இல்லாமலேயே பிளஸ் ஒன் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். மதிப்பெண் குறைந்தாலோ தவறிவிட்டாலோ பிள்ளை மில்லுக்கோ, கட்டட வேலைக்கோ, பட்டாசு வேலைக்கோ போய்விடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே வேறு சில பாதைகள் உண்டு. அவற்றைச் சரியான நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் ஆண்டுதோறும் பல பிள்ளைகள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

மேற்கு மலையடிவாரத்தில் குளத்துப் பாசனமும் கிணற்றுப் பாசனமும், கிழக்கே கரிசல் காட்டில் மானாவாரியும் நடக்கும் இந்த வட்டாரத்தில், தொழிற்கல்வி வெளியூர்ச் சரக்கு அல்ல. பருத்தியோடு சேர்ந்து வளர்ந்த ஊர் ராஜபாளையம். ஆகவே இங்குள்ள விவசாயிகள் இந்த விஷயத்தில் மற்ற ஊர்க்காரர்களைவிடச் சற்று முன்னால் நிற்க முடியும்.

நிலம் குறைந்தது, பங்கு குறையவில்லை

1970-71ல் எடுக்கப்பட்ட வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயியிடம் சராசரியாக இருந்த நிலம் 1.45 ஹெக்டேர், அதாவது சுமார் மூன்றரை ஏக்கர். 2015-16 கணக்கெடுப்பில் இது 0.75 ஹெக்டேராகக் குறைந்துவிட்டது. ஏக்கர் கணக்கில் இரண்டுக்கும் குறைவு. 45 ஆண்டுகளில் பாதி நிலம் போயிற்று.

இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண் பிள்ளைகள். நாளைக்குப் பாகம் பிரித்தால் ஆளுக்கு ஒரு ஏக்கர், கிணற்றில் பாதி முறை. அந்த ஒரு ஏக்கரை நம்பி ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உண்ண முடியாது என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். அதற்காக நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிள்ளை கையில் ஒரு தொழிலும், காலடியில் அந்த ஒரு ஏக்கரும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். மழை பொய்த்த ஆண்டில் தொழில் சோறு போடும். வேலை மந்தமான மாதத்தில் வயல் சோறு போடும்.

பருத்தி கொண்டுவந்த பள்ளிக்கூடம்

ராஜபாளையம் மில் 1936ல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. அவர் 1962ல் காலமானார். அடுத்த ஆண்டே, 1963ல், அவர் பெயரில் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. நூற்பாலை இருக்கும் ஊரில் இயந்திரம் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உள்ளூரிலேயே உருவாக்க ஒரு தொழிற்கூடம் வேண்டும் என்ற தேவை இதற்குப் பின்னால் இருந்ததைக் காணலாம். விருதுநகரிலும் இதற்கு முன்பே, 1958ல், வி.எஸ்.வி.என். பாலிடெக்னிக் தொடங்கப்பட்டிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் இந்த ஊரின் பெயரைத் தாங்கியவையே. கிருஷ்ணன்கோவிலில் 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் நிறுவனம் பின்னர் பல்கலைக்கழக நிலை பெற்றது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி, தளவாய்புரத்தில் ஆயத்த ஆடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள் என்று சுற்றிலும் தொழில்கள் உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் மோட்டார் பார்க்க, பாய்லர் பார்க்க, குளிரூட்டும் எந்திரம் பார்க்க, பழுது நீக்க ஆள் தேவை.

படிக்காமல் மில்லுக்குப் போகும் பையன் சைடராகவோ டாஃபராகவோ சேருகிறான். பிட்டர் படித்துவிட்டுப் போகிறவன் அதே ரிங் பிரேமைக் கழற்றி மாட்டும் வேலைக்குச் சேருகிறான். மில் ஒன்றுதான், ஷிப்டும் ஒன்றுதான். பத்து ஆண்டு கழித்து இருவரும் நிற்கும் இடம் வேறு.

முதல் பாதை: ஐ.டி.ஐ.

தொழிற்பயிற்சி நிலையம் என்பதே எல்லோரும் ஐ.டி.ஐ. என்று சொல்லும் இடம். கைத்திறனாளர் பயிற்சித் திட்டம் நாட்டில் 1950ல் தொடங்கப்பட்டது. இதில் எட்டாவது தேறியவர்களுக்கும் பத்தாவது தேறியவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

எட்டாவது தேறியிருந்தால் வயர்மேன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓர் ஆண்டு, பிளம்பர் ஓர் ஆண்டு ஆகியவற்றில் சேரலாம். பத்தாவது தேறியிருந்தால் எலக்ட்ரீஷியன், பிட்டர், டர்னர், குளிர்சாதன மெக்கானிக் ஆகியவை இரண்டு ஆண்டு. டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக் ஆகியவை ஓர் ஆண்டு. எல்லாப் பிரிவுகளும் எல்லா நிலையங்களிலும் இருப்பதில்லை. எந்த நிலையத்தில் எது உள்ளது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

விவசாயிக்கு நேரடியாகப் பயன்படும் பிரிவுகள் இவை:

எலக்ட்ரீஷியன், வயர்மேன்: பம்புசெட் மோட்டார் காயில் கட்டுவது, ஸ்டார்ட்டர் பழுது, நீர்மூழ்கி மோட்டார், சூரியசக்தி பம்பு ஆகியவை.

டீசல் மெக்கானிக், டிராக்டர் மெக்கானிக்: டிராக்டர், பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, தெளிப்பான் ஆகியவை. நடவு நாளிலும் அறுவடை நாளிலும் இவர்களைத் தேடித்தான் ஊரே அலையும்.

வெல்டர்: கலப்பைக் கொழு, டிரெய்லர், மாட்டுக் கொட்டகை, இரும்புக் கதவு ஆகியவை.

பிளம்பர்: சொட்டு நீர்ப் பாசனக் குழாய் பதிப்பும் பராமரிப்பும். தென்னை, மா, கரும்பு என்று சொட்டு நீர் பரவும் இடமெல்லாம் இந்த வேலை உண்டு.

குளிர்சாதன மெக்கானிக்: கூட்டுறவுச் சங்கங்களின் பால் குளிரூட்டும் கருவிகள்.

ஐ.டி.ஐ. முடித்ததும் நேரே வேலை தேடுவதைவிட, தொழில் பழகுநராக ஓர் ஆண்டு பயிற்சி பெறுவது மேலானது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாத உதவித்தொகையும் தர வேண்டும். முடிவில் தேர்வு எழுதித் தேசிய பழகுநர் சான்று பெற்றால் அதற்கு நாடெங்கும் மதிப்பு உண்டு.

பிறர் வீட்டுக்கும் கடைக்கும் வயரிங் செய்து சம்பாதிக்க வேண்டுமானால் ஐ.டி.ஐ. சான்று மட்டும் போதாது. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றும் பெற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பாதை: பாலிடெக்னிக்

பத்தாவது முடித்தவுடன் மூன்று ஆண்டு டிப்ளமோவில் சேரலாம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், சிவில் என்று பிரிவுகள் உள்ளன. நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் அடிப்படையில் இடம் தரப்படுகிறது. அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் கட்டணம் குறைவு. கணக்கிலும் அறிவியலிலும் ஓரளவு தேர்ச்சி உள்ள பிள்ளைக்கு இது ஏற்ற வழி.

பிளஸ் டூ முடித்தவர்களும், பத்தாவதுக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்தச் செய்தி தெரியாததால்தான் "ஐ.டி.ஐ.யில் போட்டால் பிள்ளையின் படிப்பு அதோடு நின்றுவிடும்" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள்.

பத்தாவதுக்குப் பின் எத்தனை ஆண்டில் பொறியியல் பட்டம் என்று கணக்குப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பிளஸ் டூ வழி: 2 ஆண்டு பள்ளி, 4 ஆண்டு கல்லூரி. மொத்தம் 6 ஆண்டு.

டிப்ளமோ வழி: 3 ஆண்டு டிப்ளமோ, 3 ஆண்டு கல்லூரி. மொத்தம் 6 ஆண்டு.

ஐ.டி.ஐ. வழி: 2 ஆண்டு ஐ.டி.ஐ., 2 ஆண்டு டிப்ளமோ, 3 ஆண்டு கல்லூரி. மொத்தம் 7 ஆண்டு.

ஐ.டி.ஐ. வழியில் ஓர் ஆண்டுதான் கூடுதல். ஆனால் அந்த வழியில் எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு சான்றும் ஒரு வேலையும் இருக்கும். பிளஸ் டூ வழியில் நடுவில் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. பணமுடை எப்போது வரும் என்று சொல்ல முடியாத சிறு விவசாயக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது.

பொறியியல் வேண்டாம், பிளஸ் டூவுக்கு இணையான சான்று மட்டும் போதும் என்பவர்களுக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. பத்தாவதுக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. தேறியவர் தமிழ், ஆங்கில மொழித்தாள்களை எழுதித் தேறினால் அந்தச் சான்றைப் பெறலாம்.

மூன்றாம் பாதை: பள்ளியிலேயே தொழிற்பிரிவு

தமிழகத்தில் 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் இயற்பியல், வேதியியல் படிப்பதற்குப் பதிலாக ஒரு தொழிலின் பாடமும் செய்முறையும் படிக்கலாம். அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், செவிலியம், கணக்குப்பதிவியலும் தணிக்கையும், அலுவலக மேலாண்மை, வேளாண் அறிவியல் ஆகியவை இதில் உள்ள பிரிவுகள்.

விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வேளாண் அறிவியல் பிரிவு தனிச் சிறப்புடையது. மண், நீர், பயிர்ப் பாதுகாப்பு, விதை, நாற்றங்கால் எல்லாம் பாடமாகவும் செய்முறையாகவும் வருகின்றன. இதில் படித்தவர்களுக்கெனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புகளில் 5 சதவீத இடங்களை ஒதுக்கும் முறை இருந்து வருகிறது. முதல் குரூப் எடுத்தால்தான் வேளாண்மைக் கல்லூரி என்பது தவறான எண்ணம். பட்டப்படிப்பு வேண்டாம் என்றால் வேளாண்மை, தோட்டக்கலை டிப்ளமோ படிப்புகளும் இரண்டு ஆண்டுக் காலத்தில் உள்ளன.

இந்தப் பாதையில் ஒரு குறையும் உண்டு. பல பள்ளிகளில் தொழிற்பிரிவு ஆசிரியர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படவில்லை. சில இடங்களில் ஆசிரியரோடு சேர்ந்து பிரிவே மறைந்துபோயிற்று. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? செய்முறைக்கு நிலமோ கருவியோ இருக்கிறதா? சென்ற ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள்? பதில் சரியில்லை என்றால் வேறு பள்ளியைத் தேடலாம். அல்லது பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஆசிரியரைக் கேட்கலாம். அந்தக் குழுவில் பெற்றோருக்கே பெரும்பான்மை. விதை கேட்டு, உரம் கேட்டு மனுக் கொடுக்கும் விவசாயி, ஆசிரியர் கேட்டும் மனுக் கொடுக்கலாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1917ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் வேளாண் தொழிற்கல்விக்கு மைய அரசின் நிதியைக் கொண்டுவந்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மாணவன் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் மேற்பார்வையின் கீழ் ஒரு பண்ணையில் செய்முறை வேலை செய்ய வேண்டும். அப்பாவின் பண்ணையிலேயே ஒரு பயிரையோ, சில கோழிகளையோ, ஒரு கன்றையோ வளர்த்துக் கணக்கு எழுதிக் காட்டிய பிள்ளைகள் ஏராளம்.

ஜெர்மனியில் விவசாயம் என்பதே பயின்று தேற வேண்டிய ஒரு தொழில். மூன்று ஆண்டுப் பயிற்சியில் ஒரு பகுதி அங்கீகாரம் பெற்ற பண்ணையில், ஒரு பகுதி தொழிற்பள்ளியில். முடிவில் தேர்வு. பின்னர் அனுபவத்தோடு மேல்தேர்வு எழுதித் தேர்ச்சியாளர் பட்டமும் பெறலாம். பண்ணையில் கழித்த நாட்கள் அங்கே படிப்பாகவே கணக்கில் வருகின்றன. "படிப்பு வராதவன் விவசாயத்துக்குப் போகட்டும்" என்று சொல்லும் வழக்கத்தை இங்கும் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

செலவும் உதவியும்

அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, புத்தகம், பஸ் பாஸ் ஆகியவை வழங்கப்பட்டு வந்துள்ளன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்புகளுக்கும் பொருந்தும்படி இவை அமைக்கப்பட்டன. சேரும் ஆண்டில் நடைமுறை என்ன என்பதை நிலையத்திலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரிப் பட்டம்தான் குறி, பிள்ளையும் நன்றாகப் படிக்கிறது என்றால், பத்தாவதோடு பள்ளியை விட்டு எடுக்கும் முன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கையில் காசு வராத இரண்டு ஆண்டு

சிறு விவசாயிக்குப் படிப்புக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு, பிள்ளை சம்பாதிக்காத காலம்தான். இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். கூலி வேலைக்குப் போகும் பையன் மாதம் 8,000 ரூபாய் கொண்டுவருகிறான் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் 1,92,000 ரூபாய். ஐ.டி.ஐ. போனால் இந்தத் தொகை வீட்டுக்கு வராது. படித்து முடித்தபின் அவன் கூலிக்காரனைவிட மாதம் 4,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்தால், 48 மாதத்தில், அதாவது நான்கு ஆண்டில், அந்த இழப்பு நேராகிவிடும். அதற்குப் பின் வருவதெல்லாம் ஆதாயம். இது எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்க் கூலியையும் தங்கள் ஊர் மெக்கானிக்கின் வருமானத்தையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தென்னங்கன்று வைத்து நான்கைந்து ஆண்டு காத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பதினெட்டு வயது நிறையாதவர்களைப் பட்டாசு போன்ற அபாயத் தொழில்களில் அமர்த்துவது சட்டப்படி குற்றம். அந்த வேலையில் வரும் தினக்கூலியைக் கணக்கில் சேர்த்தல் கூடாது. பெண் பிள்ளைகளைத் திருமணத்துக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்று சொல்லி விடுதியில் தங்கி வேலை செய்ய அழைக்கும் தரகர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், செவிலியம் எல்லாம் பெண்களுக்கும் திறந்தே உள்ளன.

சேர்க்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. தனியார் நிலையம் என்றால் அது அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்கு மட்டுமின்றி, பிள்ளை சேரும் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத சான்று வெறும் காகிதம்.

2. "நூறு சதவீத வேலை" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக்கூடாது. சென்ற ஆண்டு படித்து வெளியேறிய உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரைத் தேடிப் பேசினால் உண்மை தெரியும்.

3. பட்டறையை நேரில் பார்க்க வேண்டும். கருவிகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயிற்சி நடக்கிறது என்று பொருள். தூசி படிந்திருந்தால் நடக்கவில்லை என்று பொருள்.

4. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். முடிவு வந்தபின் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.

5. நகையை அடகு வைத்துச் சேர்ப்பதற்கு முன், அரசு நிலையத்தில் இடம் கிடைக்குமா என்று விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும்.

6. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். மோட்டாரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவனை எலக்ட்ரீஷியன் பிரிவிலும், நாற்றங்காலில் பொழுது போக்குகிறவனை வேளாண் பிரிவிலும் சேர்ப்பதே முறை. மாற்றிச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

7. தேர்வில் தவறிய பிள்ளையை உடனே வேலைக்கு அனுப்பிவிடக் கூடாது. துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. அதற்குள் எட்டாவது தகுதியில் உள்ள ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கும் விண்ணப்பம் போட்டு வைக்கலாம்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் விண்ணப்பங்கள் பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டியே தொடங்கிவிடுகின்றன. கடைசித் தேதி பெரும்பாலும் சில வாரங்கள்தான். அந்த நாட்களில் ஒரு நாள் வயல் வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளையையும் மதிப்பெண் பட்டியலையும் அழைத்துக்கொண்டு, முதலில் பள்ளித் தலைமையாசிரியரையும், பிறகு பக்கத்து ஐ.டி.ஐ.யையும், பாலிடெக்னிக்கையும் பார்த்துவர வேண்டும். வேளாண் படிப்பு பற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்திலோ, அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விதை வாங்க நாலு கடை ஏறி இறங்கும் விவசாயி, பிள்ளையின் படிப்புக்கு நாலு வாசல் ஏறி இறங்குவது வீண்போகாது.